செவிக்குத் தாழ்ப்பாள் வேண்டாம்

 

மாதந்தோறும் இப்பக்கத்தில் தங்களோடு உரையாடும் பேற்றினைத் தந்த வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். பிறர் வீட்டுக் கதைகளை எடுத்துக்காட்டி அறிவுரை சொல்வது எளிது. இம்மாதம் என் வீட்டுக் கதையையே தங்கள் முன் வைக்கிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது என்று மனம் சொல்கிறது.

என் தங்கை பிரசவத்திற்காக எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகவில்லை. ஒருநாள் மாலை, மக்ரிபுக்குச் சற்று முன்பு, என் தாயார் அக்குழந்தையை மடியில் இட்டுத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அது எங்கள் தெருப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வரும் தாலாட்டு. நபிமார்களின் பெயர்களும், கப்பலோட்டிப் போன மாமன்மாரின் பெயர்களும் அதில் கலந்து வரும். என்னையும் என் தங்கையையும் உறங்க வைத்தது அதே பாட்டுத்தான்.

பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மூத்த மகள் அருகில் அமர்ந்து, காதுகளில் கருவியை மாட்டிக்கொண்டு, கொரிய நாட்டு இசைக்குழு ஒன்றின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பி.டி.எஸ். என்று பெயர் சொன்னால் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பெரும்பாலோர் அறிவர். திடீரென்று அவள் கருவியைக் கழற்றிவிட்டு, "வாப்பும்மா, கொஞ்சம் மெதுவா பாடுங்களேன். ஒரே மாதிரி இழுத்துக்கிட்டே இருக்கீங்க. என் பாட்டே கேட்கலை" என்றாள்.

என் தாயார் கோபிக்கவில்லை. "சரிம்மா" என்றார்கள். பாட்டை நிறுத்தினார்கள். குழந்தை அழுதது. தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார்களே ஒழிய, அதன் பிறகு பாடவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்து வந்த நான்கைந்து நாட்களும் பாடவில்லை.

எனக்குச் சினம் தலைக்கேறியது. கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடலாம் என்று எழுந்தேன். ஆனால் எழுந்த வேகத்திலேயே அமர்ந்துவிட்டேன். காரணம், அந்தச் "சரிம்மா" என்ற சொல்லை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். வேறொரு வாயிலிருந்து, வேறு வார்த்தைகளில். அப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றவன் நான்.

அது 1993ஆம் ஆண்டு ரமலான். எனக்கு வயது பதின்மூன்று. அந்த வயதில் எனக்கு உலகத்தில் ஒரே ஒரு பாடகர்தான் இருந்தார். இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா அவர்கள். எங்கள் கடற்கரை ஊர்களில் அக்காலத்தில் அவர்தம் குரல் ஒலிக்காத கல்யாணம் இல்லை, கந்தூரி இல்லை, கட்சிக் கூட்டம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து என் வாப்பா கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில் அவருடைய ஒலிநாடாக்களைத் தேயத் தேயக் கேட்பேன். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்வேன். பள்ளிக்கூடத்தில் வேறு பாடகரின் பெயரை எவரேனும் சொன்னால் சண்டைக்குப் போவேன். ஒரு நண்பனோடு இதன் பொருட்டு ஓராண்டு பேசாமல் இருந்திருக்கிறேன்.

அந்நாளில் எங்கள் தெருவிற்குச் சஹர் நேரத்தில் முதிய பக்கீர் பாவா ஒருவர் வருவார். பச்சைத் தலைப்பாகை, தோளில் ஒரு பை, கையில் தாயிரா. அதைத் தட்டிக்கொண்டே நெடிய பாட்டொன்றைப் பாடியபடி தெருவைக் கடப்பார். உறங்குவோர் எழுந்து சஹர் செய்ய வேண்டும் என்பதற்காக. என் உம்மும்மாவுக்கு அவர் குரல் என்றால் உயிர். அவர் வருவதற்கு முன்பே எழுந்து வாசற்கதவின் பின்னால் நின்று கேட்பார்கள். பெருநாளன்று அவருக்கென்று அரிசியும் பணமும் தனியே எடுத்து வைப்பார்கள்.

எனக்கோ அந்தக் குரல் பிடிக்காது. கரகரப்பாக இருக்கும், மூச்சு வாங்கும், என் நாயகரின் வெண்கலக் குரல் எங்கே, இது எங்கே என்று ஏளனமாக இருக்கும். ஒருநாள் இரவு, பாவா தெருமுனைக்கு வந்ததும், டூ-இன்-ஒன்னைச் சன்னலில் வைத்து, ஹனிபா அவர்களின் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தேன். மறுநாளும் அவ்வாறே செய்தேன். மூன்றாம் நாள் தாயிராவின் ஓசை எங்கள் தெருவிற்குள் வரவில்லை. பக்கத்துத் தெருவின் வழியே போயிற்று. உம்மும்மா கதவின் பின்னால் நின்றபடியே இருந்தார்கள்.

பெருநாள் அன்று பாவா வந்தார். "ஏன் எங்க தெருவுக்கு வரலை?" என்று உம்மும்மா கேட்டார்கள். அவர் புன்னகையோடு, "உங்க வீட்ல நல்ல பாட்டு ஓடுதும்மா. அதைக் கெடுப்பானேன்னு அந்தப் பக்கமா போயிட்டேன்" என்றார். குரலில் குத்தல் இல்லை, குறை இல்லை. உம்மும்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

ஆண்டுகள் கழிந்தன. மத்ரஸாவில் ஓதி முடித்துச் சனது பெற்ற பின், தபால் வழியில் பி.ஏ. தமிழ் படித்தேன். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பாடமாக வந்தது. கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் எனத் தமிழுக்கு முஸ்லிம்கள் அளித்த இலக்கிய வகைகளைப் படித்தேன். மதுரையில் 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் அரங்கேற்றிய ஆயிர மசலாவே நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களில் முதலாவது என்றும் அப்போதுதான் அறிந்தேன். ஒருநாள் நூலகத்தில், வினாவும் விடையுமாக நடக்கும் நூறு மசலாவை எடுத்து மெல்ல வாய்விட்டுப் படித்தேன். நாலைந்து அடிகள் போவதற்குள் என் வாய் தானாக ஒரு மெட்டைப் பிடித்தது. அது அந்தப் பாவாவின் மெட்டு! எழுத்தறியாத அந்த முதியவர், நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறிப் படித்ததை, மனப்பாடமாகப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக நடந்திருக்கிறார்.

ஊருக்கு வந்து விசாரித்தேன். பாவா வஃபாத்தாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் ஆட்டோ ஓட்டுகிறார், பாடத் தெரியாது. உம்மும்மாவும் அதற்கு முன்பே மறைந்துவிட்டார்கள். இரண்டடி மெட்டு மட்டும் என்னிடம் எஞ்சியிருக்கிறது. மற்றவை மண்ணோடு போயின.

என் மகள் மீது நான் ஓங்கிய கை ஏன் தாழ்ந்தது என்று இப்போது தங்களுக்கு விளங்கியிருக்கும்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இசைக் கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. முற்றாக விலக்கியோர் உளர்; தஃப் எனும் பறையை மட்டும் அனுமதித்தோர் உளர்; பொருளையும் நோக்கத்தையும் சூழலையும் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்றோரும் உளர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் செவியேற்றல் குறித்துத் தனிப் பகுதியே வகுத்திருக்கிறார்கள். பெருநாள் தினத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடியதை அபூபக்கர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அச்சிறுமியரை விட்டுவிடுமாறு கூறிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருப்பதையும் நாம் அறிவோம். அந்த வழக்கிற்குத் தீர்ப்புக் கூற இக்கட்டுரை வரவில்லை. தத்தம் குடும்பம் நம்பும் ஆலிம்களின் வழியில் நடந்துகொள்ளுங்கள். நான் பேச வந்தது செவியின் பழக்கத்தைப் பற்றி. கருவியே இல்லாத வாய்ப்பாட்டைக் கேட்கும் வீட்டுக்கும் அது பொருந்தும்.

செவி விந்தையான உறுப்பு. பழகியதை அது இனிமை என்கிறது. பழகாததைக் கூச்சல் என்கிறது. ஒரு பாட்டை முதன்முறை கேட்கையில் அடுத்து என்ன வரும் என்று மனத்திற்குத் தெரிவதில்லை, ஆகவே தவிக்கிறது. நான்கைந்து முறை கேட்டபின் அது எதிர்பார்க்கக் கற்றுக்கொள்கிறது. எதிர்பார்த்தது வந்ததும் மகிழ்கிறது. வயதுப் பிள்ளைகளுக்கு இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒரு குழுவை நேசிப்பது என்பது அவர்களுக்கு ஒரு கூட்டத்தில் இடம்பிடிப்பது. என் மகளின் வகுப்பில் அக்குழுவை விரும்பும் பிள்ளைகள் தங்களை 'ஆர்மி' என்று அழைத்துக்கொள்கின்றனர். அந்தப் பெயரே வேலியாகிவிடுகிறது. உள்ளே இருப்பவர் நம்மவர். வெளியே இருப்பவர் அயலார். வேறு குழுவை விரும்பிய தன் உயிர்த்தோழியோடு அவள் இரண்டு மாதமாகப் பேசவில்லை என்பதையும் பிறகுதான் அறிந்தேன். என் பழைய நண்பனின் முகம் நினைவுக்கு வந்தது.

வணிகமும் இதில் எண்ணெய் ஊற்றுகிறது. அக்கொரியக் குழுக்களின் இசைத்தட்டுகளுக்குள் பாடகர்களின் சிறு படங்களை வைத்து விற்கிறார்கள். எந்தத் தட்டில் யார் படம் இருக்கும் என்று வாங்குவோருக்குத் தெரியாது. வேண்டிய படம் கிடைக்கும் வரை ஒரே தட்டைப் பலமுறை வாங்கும் பிள்ளைகள் உண்டு. கைப்பேசியோ, நாம் நேற்றுக் கேட்டது போன்றதையே இன்றும் நம் முன் நீட்டுகிறது. பிள்ளை வேலி கட்டிக்கொள்கிறது என்று நாம் குறை சொல்கிறோம். வேலிக்குக் கழி வெட்டிக் கொடுப்போர் வேறெங்கோ இருக்கிறார்கள்.

ஆயினும், சகோதரர்களே, ஒன்றை மனமார நேசிப்பது குற்றமன்று. நேசம் இல்லாதவன் எதையும் ஆழக் கற்பதில்லை. என் மத்ரஸா அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இறைவேதத்தை ஓதுவதை இசையோடு ஒப்பிடுவதாக எவரும் கருத வேண்டாம், அல்லாஹ் பாதுகாப்பானாக. செவியின் பழக்கத்திற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

ஹிப்ழு ஓதிய மாணவர் ஒருவர், எகிப்து நாட்டுக் காரி அப்துல் பாஸித் அப்துஸ் ஸமது (1927-1988) அவர்களின் ஓதலில் மயங்கிக் கிடந்தார். அவர்தம் நீண்ட மூச்சைப் பிடிக்க முயன்று, முகம் சிவந்து, இடையில் மூச்சறுந்து, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துவார். "அவரைக் கேட்காதே" என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதம், அதே நாட்டின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ (1917-1980) அவர்களின் நிதானமான ஓதலையும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன். எழுத்துகளின் உச்சரிப்பிடம் எங்கே, நிறுத்தம் எங்கே என்பதை இரண்டாமவரிடம் கற்றுக்கொண்டார். அதன் பின் முதலாமவரிடம் திரும்பிப் போனபோது, "உஸ்தாத், இப்பத்தான் அவங்க எவ்வளவு பெரியவங்கன்னு தெரியுது" என்றார். பிறரைக் கேட்டதால் அவருடைய நேசம் குறையவில்லை. அதற்குக் கண் முளைத்தது.

கலைஞர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். நாம் ஒருவரே போதும் என்று எவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமோ, அவர் அப்படி இருந்ததில்லை. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த ஹனிபா அவர்கள் இஸ்லாமியப் பாடல்களோடு நின்றவரல்லர். திராவிட இயக்க மேடைகளில் அவர்தம் 'அழைக்கின்றார் அண்ணா' முழங்கியது. இளையராஜாவின் இசையில் திரைப்படத்திலும் பாடினார். 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற அவர் பாடல் சமய வேலிகளைத் தாண்டிப் பிற சமயத்தவர் வீடுகளிலும் ஒலித்தது, இன்றும் ஒலிக்கிறது. அவர் பெயரைச் சொல்லி ஒரு பக்கீரின் பாட்டை அடக்கிய நான், உண்மையில் அவரையும் புரிந்துகொள்ளவில்லை.

நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா அவர்கள் 1924இல் ஆந்திரத்தின் கரவதி என்னும் ஊரில், வழிவழியாக நாகசுரம் வாசிக்கும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் உள்ளம் பறிகொடுத்தார். அந்த நேசம் அவரைப் பொறாமைக்கோ பூசலுக்கோ இட்டுச் செல்லவில்லை, கற்க வைத்தது. நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சை பாணியைப் பயின்று, பின்னர் திருவரங்கத்திலேயே குடியேறினார். 1998இல் சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்தது.

பாகிஸ்தானின் கவ்வாலி பாடகர் நுஸ்ரத் பதே அலி கானும் (1948-1997) அவ்வாறே. கவ்வாலி என்பது தனி ஒருவரின் பாட்டன்று. தலைமைப் பாடகர், துணைப் பாடகர், ஆர்மோனியம், தபலா, கைதட்டுவோர் எனக் கூடி அமர்ந்து பாடும் குழு. 1971இல் குடும்பக் குழுவின் தலைமையை ஏற்ற அவர், தம் முன்னோர் வகுத்த முறையைக் கைவிடாமலேயே, கனடா நாட்டு இசைக்கலைஞர் மைக்கேல் புரூக்கோடு இணைந்து 1990இல் இசைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். ஏ.ஆர். ரஹ்மானின் இசையிலும் பாடினார். வேர் ஆழமாக இருந்ததால் கிளை தூரம் போயிற்று.

ஏன், நம் தமிழ்ப் புலவர்களே சான்று. காயல்பட்டினத்துக் காசிம் புலவர், அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தங்களைக் காதால் உண்டு, அந்தச் சந்தத்திலேயே அண்ணல் நபி (ஸல்) அவர்களைப் பாடினார். உமறுப்புலவர், தமிழ்க் காப்பியங்களில் தோய்ந்த செவியோடுதான் சீறாப்புராணம் படைத்தார். அரபு நாட்டை வருணிக்க வந்தவர், அங்கே தமிழகத்து நீர்வளத்தையும் வயல்வளத்தையும் காட்டினார். பிறர் பாட்டுக்குச் செவியடைத்திருந்தால் இவ்விரு செல்வங்களும் நமக்கு ஏது?

சரி, என் வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அன்று இஷா தொழுகைக்குப் பின் மகளை அழைத்துப் பாவாவின் கதையைச் சொன்னேன். அறிவுரை ஏதும் சேர்க்கவில்லை. அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தப் பாவா பேரென்ன வாப்பா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் அவர் பெயரை நான் விசாரித்ததே இல்லை என்பது அந்தக் கணத்தில்தான் உறைத்தது. வெட்கத்தோடு தலைகுனிந்தேன்.

அவள் சொன்னாள்: "நான் வாப்பும்மா பாட்டைக் கேக்குறேன். நீங்களும் என் பாட்டை ஒண்ணாவது முழுசா கேக்கணும். கேக்காமலே சத்தம்னு சொல்றீங்கள்ல?"

நியாயமான கேள்வி. ஒப்புக்கொண்டேன். கேட்டேன். உண்மையைச் சொல்வதானால் பலவும் எனக்குப் பிடிக்கவில்லை. மொழி புரியவில்லை, தாளம் மண்டையில் இடித்தது. ஆனால் ஒரு பாட்டில் திடீரென்று ஊதுகருவி ஒன்று பீறிட்டு எழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இது நாகசுரமல்லவா?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

பிறகு இருவருமாகத் தேடிப் படித்தோம். அது அக்குழுவின் எழுவரில் ஒருவரான சுகா, வேறு பெயரில் 2020இல் தனியாக வெளியிட்ட 'தேச்விதா' என்ற பாட்டு. தேச்விதா என்பது கொரிய அரசர்களின் ஊர்வலத்திலும் படையணிவகுப்பிலும் இசைக்கப்பட்ட பழைய இசை. அதில் ஒலிக்கும் ஊதுகருவிக்குத் தேப்யோங்சோ என்று பெயர். நம் நாகசுரத்தைப் போலவே கூம்பு வடிவம்; முனையில் சீவாளி. மேற்கு ஆசியாவின் சுர்னா என்னும் கருவி நடு ஆசியா, சீனம் வழியாகக் கொரியா போய்ச் சேர்ந்த வடிவம் அது என்கிறார்கள் ஆய்வாளர்கள். உதுமானியப் பேரரசின் படை இசையில் முழங்கியதும் சுர்னாவே. உஸ்தாத் பிஸ்மில்லா கானின் கையில் குழைந்த ஷெனாயும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையே.

அன்றிரவு நான் அவளுக்குச் சின்ன மௌலானா அவர்களின் நாகசுரத்தைக் கேட்க வைத்தேன். பத்து நிமிடம் கேட்டாள். "ரொம்ப நீளம் வாப்பா" என்றாள். மறுநாள் தானாகவே மறுபடி கேட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஒரே இரவில் பிள்ளை மாறிவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும். இன்றும் அவள் முதல் நேசம் அந்தக் கொரியக் குழுவே. இருந்துவிட்டுப் போகட்டும். அக்குழுவினரே 2022இல் கூட்டுப் பணிக்கு இடைவேளை விட்டு, ஒவ்வொருவரும் வெவ்வேறு வகை இசையில் தனித்தனித் தொகுப்புகள் வெளியிட்டவர்கள்தாம். அவர்களே பல திசையில் நடக்கும்போது, அவர்களை விரும்பும் பிள்ளை மட்டும் ஓரிடத்தில் நிற்பானேன்?

ஆனால் ஒன்று நடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, அவள் என் தாயாரின் அருகில் போய் அமர்ந்து, "வாப்பும்மா, அந்தத் தாலாட்டைப் பாடுங்க, நான் பதிவு பண்றேன்" என்றாள். என் தாயார் முதலில் மறுத்தார்கள். "என் இழுவையை யாரும்மா கேப்பாங்க?" என்றார்கள். அந்தச் சொல் பிள்ளைக்குச் சுட்டிருக்க வேண்டும். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கேப்பேன்" என்றாள். என் தாயார் பாடினார்கள். மூன்றாவது கண்ணி வந்தபோது நின்றுவிட்டார்கள். மறந்துவிட்டது. எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் தெருவில் அந்தப் பாட்டு முழுமையாகத் தெரிந்தவர் இன்னொருவர் இருக்கிறாரா என்று அவள் இப்போது வீடு வீடாகக் கேட்டு வருகிறாள். தேடுவதற்குத் துணையாக, பேசாதிருந்த அந்தத் தோழியையும் அழைத்துக்கொண்டுதான் போகிறாள்.

அன்பான தாய்மார்களே, தந்தைமார்களே! தங்கள் பிள்ளை ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் வேண்டாம் என்றால், முதலில் அந்தக் குரலை ஏளனம் செய்யாதீர்கள். ஏளனம் வேலியை உயர்த்தும். ஒருமுறையேனும் பிள்ளையோடு அமர்ந்து கேளுங்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்; ஆனால் கேட்டபின் சொல்லுங்கள். "இவர் யாரிடம் கற்றார், இவர் யாரை விரும்பிக் கேட்டார், இந்தக் கருவி எங்கிருந்து வந்தது?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். நேசிக்கும் பொருளின் வேரைத் தேடிப் போகும் பிள்ளை, தானாகவே பிற தோட்டங்களுக்குள் நுழைந்துவிடும். ஒப்புக்கொள்ளத்தக்க எதையும் மூன்று முறை கேட்கும் முன் வேண்டாம் என்று சொல்வதில்லை என வீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

எல்லைகளையும் வகுத்துவிடுங்கள். பாங்கு ஒலிக்கும்போது எந்தப் பாட்டும் ஒலிக்கலாகாது. தொழுகையையும் உறக்கத்தையும் படிப்பையும் தின்னும் இரசனை, இரசனையன்று. படத்திற்காக ஒரே தட்டை மூன்று முறை வாங்குவது வீண்விரயம். ஒரு பாடகரின் பொருட்டுத் தோழமையை அறுத்துக்கொள்வது இவையனைத்தினும் பெரிய நட்டம். பாடகர் நம் பெயரை அறியமாட்டார், தோழி அறிவாள்.

பிள்ளைச் செல்வங்களே, தங்களுக்கும் ஒரு வார்த்தை. தங்கள் நேசத்திற்குரிய குழுவின் பாட்டு எங்கும் போய்விடாது. உலகமே அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. எந்த நாட்டிலிருந்தும், எந்த நேரத்திலும் கேட்கலாம். ஆனால் தங்கள் வீட்டு மூலையில் ஒரு முதிய குரல் இருக்கிறது. அதற்கு இசைத்தட்டு இல்லை. இரசிகர் படை இல்லை. ஒருமுறை "சரிம்மா" என்று நின்றுவிட்டால் பிறகு எந்தக் கடையிலும் கிடைக்காது. காதிலிருந்து அந்தக் கருவியைச் சற்றே கழற்றிவிட்டு, அந்தக் குரலின் பக்கத்தில் போய் அமருங்கள். பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படிப்போரில் எவருக்கேனும் நூறு மசலாவின் பழைய மெட்டுத் தெரிந்திருக்குமாயின், இரண்டடியேனும் பாடித் தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். பெயரறியாத அந்தப் பாவாவின் மறுமை வாழ்வுக்காகத் துஆச் செய்யுங்கள். அவருக்கு நான் செலுத்த வேண்டிய கடன் அது.

அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், வேறொரு செய்தியோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.